கேட்டில் நிறுத்திவிட்டார்களா? முதல் கடிதத்திலிருந்து ஐகோர்ட் ரிட் வரை

மணலி, எண்ணூர், மாதவரம், வியாசர்பாடி பக்கம் வேலை போகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்டர் என்று எதுவும் கையில் தரமாட்டார்கள். காலை ஷிப்டுக்குப் போனால் செக்யூரிட்டி, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லண்ணே, ஹெச்ஆர் போன் பண்ணுவாங்களாம், போயிட்டு வாங்க" என்பார். ஹெச்ஆர் போன் பண்ணமாட்டார். ஒரு வாரம் காத்திருப்பு. அப்புறம் மேஸ்திரி மூலமாகத் தூது, அப்புறம் தெரிந்த வட்டச் செயலாளர், நடுவில் ஊருக்கு ஒரு நடை. மூன்று மாதம் கழித்துத்தான் சங்க ஆபீஸ் படியேறுகிறார்கள். கையில் ஐடி கார்டு இருந்தால் அதிர்ஷ்டம். பாதிப் பேரிடம் அதையும் கேட்டிலேயே வாங்கி வைத்திருப்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. பெரம்பூரில் ஒரு சங்க ஆபீஸில் மனு எழுதிக் கொடுக்கிற ஆள். இத்தனை வருஷத்தில் பார்த்தது இது: வேலைநீக்க வழக்குகள் சட்டத்தில் தோற்பது குறைவு, காகிதத்தில் தோற்பதுதான் அதிகம். அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவும் (சமத்துவம்) 21-வது பிரிவும் (வாழும் உரிமை) உங்கள் பக்கம் இருக்கலாம். அவை இருக்கும் இடம் வரை உங்களைக் கூட்டிப்போவது தபால் ஆபீஸ் ரசீது. அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பத்து நாளுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். ஐகோர்ட்டுக்குக் குறைவுதான்.

படி 1: முதல் மூன்று நாள், கேட்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள்

கோபத்தில் வீட்டில் உட்காராதீர்கள். மூன்று நாளாவது உங்கள் ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டில் நில்லுங்கள். நின்றதற்கு ஒரு தடயம் வேண்டும். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: "சார், இன்று காலை 6 மணி ஷிப்டுக்கு வந்தேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எப்போது வரட்டும்?" திட்டு வேண்டாம், அழுகை எமோஜி வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நீல டிக் விழுந்தாலே ஒரு சாட்சி.

இவ்வளவும் எதற்கு? நாளைக்கு லேபர் ஆபீஸில் கம்பெனி சொல்லப்போகிற கதை எனக்கு இப்போதே தெரியும்: "நாங்கள் நீக்கவில்லை, அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார்." பத்தில் எட்டு வழக்குகளில் இதே பாட்டுதான். இதற்குச் சட்டத்தில் நல்ல பதில் உண்டு. டி.கே.யாதவ் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: எட்டு நாளுக்கு மேல் லீவ் சொல்லாமல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று ஸ்டாண்டிங் ஆர்டரில் (கம்பெனியின் பணி விதிகளில்) எழுதியிருந்தாலும், விசாரிக்காமல், விளக்கம் கேட்காமல் பெயரை அடிக்கக் கூடாது. பிழைப்பு என்பது 21-வது பிரிவில் சொல்லும் வாழும் உரிமைக்குள் அடங்கியது, அதைப் பறிக்கிற முறை நியாயமாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் "நான் வந்தேன், விடவில்லை" என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு உங்கள் கைக்கு வரும்.

கையெழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். ராஜினாமா கடிதம், "கணக்கு முடித்துக்கொண்டேன், இனி பாக்கி இல்லை" என்ற ரசீது, வெறும் வெள்ளைத்தாள் எதுவானாலும் போடாதீர்கள். நானே போட்டவன்தான். இளம் வயதில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது, போனஸ் பணத்தை மேஜைமேல் வைத்து, அடியில் ஒரு தாளையும் வைத்தார்கள். மேல்பாதியில் தொகை, கீழ்ப்பாதி வெறுமை. போட்டேன். நான்கு மாதம் கழித்து அந்த வெறும் இடத்தில் என் ராஜினாமா டைப் அடிக்கப்பட்டு வந்தது. மறுநாளே ஒரு கடிதம் போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்களை மிரட்டி வாங்கியிருந்தால் அன்றைக்கே அல்லது மறுநாளே "வற்புறுத்தி வாங்கப்பட்ட கையெழுத்து, இதை ஏற்கவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 2: அந்த ஒரு கடிதம்

போன மாதம் எர்ணாவூரிலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சள் பையில் ஏழு வருஷச் சம்பளச் சிலிப், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். மழைக்கு நனைந்து பாதி ஒட்டிப்போயிருந்தது. "அண்ணே, வக்கீல் நோட்டீஸ் விடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். முதல் கடிதம் தொழிலாளியின் கையெழுத்தில், அவர் பேசுகிற தமிழில் இருப்பதே நல்லது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் இதை எழுதினோம்:

"ஐயா, நான் உங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டராக 2018 ஜூன் முதல் வேலை செய்து வருகிறேன். இந்த மாதம் 4-ம் தேதி காலை 6 மணி ஷிப்டுக்கு வந்தபோது என்னை உள்ளே விடவில்லை. 5, 6 தேதிகளிலும் வந்தேன், விடவில்லை. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. நான் வேலையை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை. இன்றும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை உடனே வேலைக்கு அனுமதிக்கவும், அனுமதிக்காத நாட்களுக்குச் சம்பளம் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். இதில் சட்டப் பிரிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் வழக்குக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: எப்போது சேர்ந்தார், என்ன வேலை, எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டார், வேலையை விடும் எண்ணம் இல்லை, இன்றும் தயார். மேனேஜர் திட்டியதையும் அவருக்கு வேண்டியவரைச் சேர்த்துக்கொண்டதையும் எழுதத் துடித்தார். அதையெல்லாம் பிறகு சாட்சிக் கூண்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நிறுத்தினேன்.

இரண்டு பிரதி எடுத்து, தொழிற்சாலை முகவரிக்கு ஒன்று, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று அனுப்புங்கள். பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் கவுன்டரில் "ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷனோடு, அக்னாலெட்ஜ்மென்ட்டோடு" என்று தெளிவாகக் கேளுங்கள். டெலிவரி ஆன அன்றே டிராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ரசீதோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். "வாங்க மறுத்தார்" என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அதைக் கோர்ட்டில்தான் பிரிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கடிதம் போனதும் கம்பெனி, "வேலைக்கு வராமல் இருக்கிறீர்கள், உடனே வந்து சேரவும்" என்று ஒரு கடிதம் அனுப்பும். அது உங்களைக் கூப்பிடுவதற்காக எழுதியது இல்லை, கோப்புக்காக எழுதியது. பலர் ரோஷத்தில் அதைக் கிழித்துப் போடுகிறார்கள். கிழிக்காமல், குறித்த தேதியில் கடிதத்தோடு போய் நில்லுங்கள். விட்டால் வேலை. விடாவிட்டால் அன்று சாயங்காலமே இன்னொரு கடிதம்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

தப்பான கதவைத் தட்டி ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் நீங்கள் சட்டப்படி தொழிலாளியா என்று பாருங்கள். "சூப்பர்வைசர்" என்று கார்டில் போட்டதால் மட்டும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது, கையால் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. நிஜமாகவே மேற்பார்வை வேலை என்றால் சம்பள வரம்பு குறுக்கே வரும். பழைய சட்டத்தில் அது 10,000 ரூபாய், புதியதில் 18,000.

அடுத்து, மாநிலமா மத்தியா. சாதாரணத் தனியார் தொழிற்சாலை என்றால் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், ரயில்வே போன்றவை மத்திய அரசின் கீழ். அவற்றுக்கான சமரச அதிகாரியும் (இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் லேபர் அதிகாரி) மத்திய அரசுத் தீர்ப்பாயமும் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில். பக்கத்திலேயே இருந்தாலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் பெருந்துறைமுகம் இல்லை, அது மாநிலக் கணக்கு. துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் தனியார் கன்டெய்னர் யார்டுகளும் பெரும்பாலும் அப்படியே. ஐசிஎஃப், பெரம்பூர் லோகோ மாதிரி இடங்களில் நிரந்தர ரயில்வே ஊழியராக இருந்தால் பணி விவகாரத்துக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் என்ற தனிக் கதவு இருக்கிறது.

சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக் கடைகளிலும் குடோன்களிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1947-ம் வருஷத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது. மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஆர்டர் கிடைத்த 30 நாளுக்குள். இந்த 30 நாள்தான் ஆளைக் கவிழ்ப்பது.

காண்ட்ராக்ட் ஆள் என்றால் மனுவில் காண்ட்ராக்டர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். ஒருவரை விட்டுவிட்டால் இருக்கிறவர் இல்லாதவரைக் கைகாட்டுவார். உங்களுக்கு வேலை சொன்னது யார், லீவ் கொடுத்தது யார், சேஃப்டி ஷூ வாங்கித் தந்தது யார் என்று குறித்து வையுங்கள். காண்ட்ராக்ட் உண்மையா வெறும் பேப்பரா என்பதை இந்தச் சின்ன விஷயங்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 4: 240 நாள், விரல்விட்டு எண்ணுங்கள்

ஆட்குறைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகள்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் இது 25-எஃப் பிரிவு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. இதைக் கேட்க வேண்டுமென்றால், நிறுத்தப்பட்ட தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மாதம் முழுக்க வேலையில் இருந்திருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவசியமில்லை, அந்த 12 மாதத்துக்குள் 240 வந்தால் போதும் என்று 1980-ல் சுரேந்திர குமார் வர்மா வழக்கில் தீர்ந்துவிட்டது. சம்பளத்தோடு விடுகிற ஞாயிறும் பண்டிகை நாளும் கணக்கில் சேரும் என்று 1985-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கு சொன்னது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மார்ச் 3-ல் சேர்ந்தவரை அதே வருஷம் நவம்பர் 20-ல் நிறுத்துகிறார்கள். மொத்தம் 263 நாள். அவர் மாதச் சம்பளக்காரர், ஞாயிறுக்கும் சம்பளம், நடுவில் 10 நாள் சம்பளமில்லா லீவ் என்றால் 253. தேறிவிட்டார். அதே தேதிகள், அதே லீவ், ஆனால் தினக்கூலி, ஞாயிறுக்குக் காசு கிடையாது என்றால்? 37 அல்லது 38 ஞாயிறு கழிகிறது, லீவும் கழிகிறது, 215-ஐ ஒட்டி நின்றுவிடும். ஒரே கேட், ஒரே மெஷின், ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டு, மற்றவருக்கு இல்லை. அதனால் "நீங்கள் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு "ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இதை நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. ஹதிமானி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம், வெறும் பிரமாணப் பத்திரம் போதாது என்றது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கும், ரிஜிஸ்டர் எல்லாம் முதலாளி பீரோவில்தானே இருக்கிறது? 2005-ல் எல்லட்டி வழக்கு அதைக் கொஞ்சம் இளக்கியது: தொழிலாளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும், மஸ்டர் ரோலையும் (வருகைப் பதிவேடு) சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி மனு போட வேண்டும், தினக்கூலிக்காரரிடம் நியமன ஆணையும் சிலிப்பும் இருக்காது என்பதைக் கோர்ட் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வெளியிலிருந்து என்ன திரட்டலாம்? பேங்க் ஸ்டேட்மென்ட் முதலில். பிஎஃப் பாஸ்புக்கை உமங் ஆப்பில் இறக்குங்கள். ஆனால் அது மாதத்தைத்தான் காட்டும். நாள் கணக்குக்கு நான் நம்புவது ஈஎஸ்ஐயை (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). மாதா மாதம் சந்தா கட்டும்போது ஒவ்வொரு ஆளுக்கும் எத்தனை நாள் சம்பளம் கொடுத்தேன் என்று முதலாளியே எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பதிவைக் கோர்ட் மூலம் வரவழைத்தால் முதலாளியின் கையெழுத்திலேயே 240 கிடைக்கும். ஷிப்ட் லிஸ்ட் போடுகிற வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். போனை மாற்றாதீர்கள். 2024 ஜூலை முதல் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டிவரும். லேபர் கோர்ட் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துத் தொங்காது என்றாலும், வைத்துவிடுவது நல்லது.

படி 5: சமரச அதிகாரி முன்னால்

தனி ஆளின் வேலைநீக்கத்தைத் தொழில் தகராறாகவே பார்க்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 2-ஏ பிரிவு. லேபர் ஆபீஸில் இன்னமும் எல்லோரும் "டூ ஏ போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 4-வது பிரிவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வழிமுறையின் எலும்புக்கூடு ஒன்றேதான்: சமரச அதிகாரியிடம் மனு, 45 நாள் கழிந்தும் தீராவிட்டால் அரசின் அனுமதிக்குக் காத்திருக்காமல் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

மாறியது கெடு. பழையதில் நீக்கிய தேதியிலிருந்து மூன்று வருஷம், புதியதில் இரண்டு. உங்கள் விவகாரம் எந்தச் சட்டத்தில் விழும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் இரண்டு வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு மாதம் என்பேன்.

மனு இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். படி 2-ல் எழுதிய கடிதம், ரசீது, டிராக்கிங், சம்பள ஆதாரம் இணைப்பு. மூன்று பிரதி, உங்கள் பிரதியில் ஆபீஸ் சீல்.

சமரசப் பேச்சில் வக்கீல் வரக்கூடாது, இரு தரப்புக்கும்தான். அங்கே கம்பெனி சார்பில் வரும் ஹெச்ஆரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லி அதிகாரியிடம் கேளுங்கள். "வேலை இல்லை, வேணும்னா ஐம்பதாயிரம் தர்றோம்" என்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலவரம். நான் யாருக்கும் வீரம் போதிப்பதில்லை. ஒன்று மட்டும், வாங்கினால் கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் அந்தத் தொகைக்குள் அடங்காது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

படி 6: லேபர் கோர்ட்

சென்னை லேபர் கோர்ட்டுகள் பாரிமுனையில் ஐகோர்ட் வளாகத்துக்குள், சிட்டி சிவில் கோர்ட் பக்கம். புதிய சட்டம் இரண்டு உறுப்பினர் தீர்ப்பாயம் என்கிறது, அதனால் கதவில் இருக்கும் பெயர்ப்பலகை மாறலாம். உள்ளே நடப்பது இதுதான்: க்ளைம் ஸ்டேட்மென்ட் (உங்கள் கோரிக்கை மனு), கம்பெனியின் கவுன்டர் (பதில் மனு), ஆவணங்கள், சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், அவார்டு (தீர்ப்பு). வருஷக்கணக்கில் போகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

க்ளைமில் பலரும் விடுகிற ஒரு வரி: "நீக்கப்பட்ட நாள் முதல் எனக்கு வேறெங்கும் நிலையான வேலை கிடைக்கவில்லை." 2013-ல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில், சட்டவிரோத நீக்கம் என்றால் பேக் வேஜஸ் (வேலையில்லாத காலத்துச் சம்பளம்) தருவதுதான் வழக்கமான விதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தொழிலாளி இந்த வரியைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டால் மறுத்து நிரூபிப்பது முதலாளி வேலை. ஷேர் ஆட்டோ ஓட்டினீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்து, குறுக்கு விசாரணையில் மாட்டினால் மொத்தமும் போகும்.

சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) கொடுத்து, உள்விசாரணை வைத்து நீக்கியிருந்தால் சண்டை வேறு மாதிரி. முதலில் அந்த விசாரணை நியாயமாக நடந்ததா என்பதை முதல்கட்டப் பிரச்சினையாக எடுக்கச் சொல்லுங்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா, சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள விட்டார்களா, அறிக்கை நகல் கொடுத்தார்களா? விசாரணை சரியென்றே ஆனாலும் தண்டனை அதிகமா என்று பார்த்துக் குறைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய 11-ஏ பிரிவு தந்தது அது. பிழைப்பூதியத்தையும் மறக்காதீர்கள்: தமிழ்நாட்டில் 1981 சட்டப்படி சஸ்பெண்ட் காலத்தில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்குமேல் முழுசு.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைச் சொல்லி இலவச வக்கீல் கேளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளி, பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தொலைபேசி 15100. சங்க நிர்வாகியும் உங்களுக்காக நிற்கலாம்.

தினக்கூலியாக இருந்தவருக்கு 25-எஃப் மீறலில் ஜெயித்தாலும் மறுவேலை நிச்சயமில்லை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடிக்கிற போக்கு 2013 பூருமல் வழக்கு மாதிரித் தீர்ப்புகளில் தெரிகிறது. இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம், பிறகு என்னைத் திட்டக்கூடாது பாருங்கள்.

தீர்ப்பைப் படிக்கிற விதம்

யாராவது யூடியூபில் பார்த்துவிட்டு "யாதவ் கேஸ்ல முழுச் சம்பளம் கொடுத்தாங்களே" என்பார்கள். கொடுக்கவில்லை. அதில் மறுவேலையோடு 50 சதவீதம்தான் பேக் வேஜஸ். தீர்ப்பின் மேலே இருக்கும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் இலவசம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: கீழ்க் கோர்ட்டில் உண்மைகளில் ஜெயித்தது யார், எந்தச் சட்டப் பிரிவை வைத்துத் தீர்த்தார்கள், கடைசிப் பத்தியில் கைக்கு என்ன கிடைத்தது. ஹதிமானியைத் தனியாகப் படித்தால் வழக்கே வேண்டாம் என்று தோன்றும். எல்லட்டியோடு சேர்த்துப் படித்தால் என்ன மனு போட வேண்டும் என்று தெரியும். கம்பெனி வக்கீல் முதலாவதைத்தான் காட்டுவார்.

படி 7: ஐகோர்ட்

"நேரா ஐகோர்ட்ல ரிட் போட்டுடலாமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. தனியார் கம்பெனி என்றால் பெரும்பாலும் முடியாது. 14, 21 போன்ற அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசை நோக்கியவை. லேபர் கோர்ட் என்ற மாற்று வழி இருக்கும்போது அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் (ஐகோர்ட்டின் ரிட் அதிகாரம்) நேரே வருவதையும் ஐகோர்ட் விரும்பாது. அரசு, அரசு நிறுவனம் என்றால் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். ஆனால் 2006 உமாதேவி தீர்ப்புக்குப் பிறகு தற்காலிக ஊழியர் நிரந்தரம் கேட்டுப் போவது கடினம். அதற்குப் பதில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அது சட்டம் தந்த உரிமை.

அவார்டு வந்த பிறகு தோற்றவர் ரிட் போடுவார். அங்கே சாட்சியை மறுபடி எடைபோடமாட்டார்கள். பதிவில் வெளிப்படையாகத் தெரியும் சட்டப் பிழை, அதிகார மீறல், ஆதாரமே இல்லாத முடிவு இவைதான் பார்க்கப்படும். 1963-ல், இந்த ஐகோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன சையது யாகூப் வழக்கில் வரைந்த கோடு அது. லேபர் கோர்ட்டில் சான்றாகக் குறியீடு போடாத சிலிப்பை ஐகோர்ட்டில் நீட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அர்த்தம்.

மறுவேலை உத்தரவை எதிர்த்துக் கம்பெனி ரிட் போட்டால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளம் மாதாமாதம் கேட்கலாம். பழைய சட்டத்தில் அது 17-பி. வேறு வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தானாக வராது, கேட்டால்தான் வரும். ஸ்டே (அவார்டுக்கு இடைக்காலத் தடை) வந்த அன்றே மனு போடுங்கள்.

அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழையும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வரும். 1918 ஏப்ரல் 27-ல் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளிகளை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அஸ்திவாரம் போட்டார்கள். 1920 கதவடைப்பில் மில் நிர்வாகம் இதே கோர்ட்டுக்கு வந்து, ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்தினால் நஷ்டஈட்டு வழக்கு பாயும் என்ற அந்த அதிர்ச்சிதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் சங்கங்களுக்குக் காப்பாக வந்து முடிந்தது. பெரம்பூர்த் தொழிலாளிகள் தோற்ற ஒரு வழக்கு நாட்டுக்கே சட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

வழக்கு ஓடும்போதே வாங்க வேண்டிய பணம்

நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் கிராஜுவிட்டி உண்டு: வருஷத்துக்கு, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வருவது. இதை வாங்கினால் வழக்கு போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. ரசீதில் "என் வழக்குரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றைக்கே அதைச் சொல்லி ஒரு கடிதம்.

எர்ணாவூர்க்காரரின் சிலிப்புகளை இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டுப் பிரித்தோம். பதினொன்று கிழிந்துவிட்டது, மீதி தேறியது. இப்போது அவை ஸ்கேன் ஆகி அவர் மகளின் மெயிலில் இருக்கின்றன. அசல் பிளாஸ்டிக் ஃபைலில், பீரோ மேல்தட்டில். நீங்களும் இன்றைக்கு வேலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.